வரலாறு படிக்கக் கல்லூரி தேடுவோருக்கு: எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது

வேதியியல் படிக்கப் போகிறவர் ஒரு கல்லூரிக்குப் போனால் முதலில் ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்ப்பார். வரலாறு படிக்கப் போகிறவருக்கு அப்படி எட்டிப் பார்க்க ஓர் அறை கிடையாது. அவருடைய ஆய்வுக்கூடம் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது: நூலக அடுக்குகளில், ஆவணக் காப்பகத்தில், அவர் எழுதிக் கொடுத்த கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் போடும் சிவப்பு மைக் குறிப்புகளில். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் பட்டத்தின் உயிர். சான்றுகளை வைத்து ஒரு வாதம் எழுதுவது, விவரம் தெரிந்த ஒருவர் அதைத் திருத்துவது, மறுபடி எழுதுவது: வரலாற்றுப் படிப்பு நடப்பது இப்படித்தான்.

கல்லூரிக் கையேட்டில் கட்டடத்தின் படமும் தரவரிசை எண்ணும் இருக்கும். திருத்துவதைப் பற்றி ஒரு வரி இருக்காது. வேண்டியதை நாமேதான் தோண்டி எடுக்க வேண்டும். விண்ணப்பக் கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் பதற்றமில்லாமல் செய்யலாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் படிகளுக்கு இணைய வசதியும் பொறுமையும் போதும். நேரில் போய் அலைய வேண்டியது கடைசியில், மூன்று நான்கு கல்லூரிகள் மிஞ்சிய பிறகுதான்.

1. எந்த வரலாறு, எந்த மொழியில்

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தக் காலம், எந்த நிலப்பகுதி, எந்த மாதிரியான கேள்வி. “இடைக்காலம், இந்தியப் பெருங்கடல், வணிகம்” என்று எழுதலாம். “20ஆம் நூற்றாண்டு, எந்த நாடானாலும் சரி, தொழிலாளர் வாழ்க்கை” என்றும் எழுதலாம். உறுதியாகத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், படிக்கப் படிக்க மாறத்தான் செய்யும். ஆனால் நான்காவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தச் சான்றுகள் எந்த மொழியில், எந்த எழுத்தில் இருக்கின்றன? பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் ஆகிய ஊர்களின் காப்பகங்களில் இருக்கின்றன. சோழமண்டலக் கரை நெசவாளர்களைப் பற்றியும் இலங்கையின் இலவங்கப்பட்டைத் தொழிலாளர்களைப் பற்றியும் அவற்றில் செய்தி குவிந்து கிடக்கிறது. எல்லாம் 17, 18ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தில். டச்சு படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் குவியல் பூட்டிய வீடு. முகலாயர் காலத்துக்குப் பாரசீகம், இடைக்கால மேற்கு ஐரோப்பாவுக்கு லத்தீன் என்று ஒவ்வொரு களத்துக்கும் ஒரு சாவி உண்டு. துருக்கி 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. அதனால் இன்று துருக்கிய மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கூடத் தனிப் பயிற்சி இல்லாமல், அரபு எழுத்தில் உள்ள உஸ்மானியப் பேரரசின் (ஒட்டோமான் பேரரசின்) ஆவணத்தைப் படிக்க முடியாது.

ஒரு புதிய மொழியில் சான்றை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு வரவே பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஆகும். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அது பயன்பட வேண்டுமென்றால் முதல் ஆண்டிலேயே தொடங்கியாக வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: வரலாற்று மாணவர் முதல் பருவத்திலேயே அந்த மொழி வகுப்பில் சேர முடியுமா, அதற்கு மதிப்பெண் கணக்கில் வருமா? பல கல்லூரிகளில் மொழித் துறை இருக்கும். ஆனால் அதன் வகுப்பு நேரமும் வரலாற்றுத் துறையின் கட்டாய வகுப்பு நேரமும் மோதும். மொழி “உண்டு” என்று பதில் வந்தால் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அண்மைக் காலத்தை எடுத்தால் மொழிச் சுமை குறையலாம். அங்கே தடை வேறு. அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதற்கு ஒரு காலக்கெடு இருக்கும். பிரிட்டன் தன் 30 ஆண்டு விதியை 2013இலிருந்து படிப்படியாக 20 ஆண்டாகக் குறைத்தது. அந்தக் கெடுவுக்குள் வரும் காலத்தை ஆராய நாளிதழ், நேர்காணல், தனியார் கடிதம் இவைதான் கைகொடுக்கும். அப்படியானால் வாய்மொழி வரலாற்றுக்குப் பயிற்சி தரும் துறையைத் தேடுங்கள்: நேர்காணல் எடுப்பது, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, பேசியவரிடம் ஒப்புதல் பெறுவது எல்லாம் அதில் அடங்கும்.

2. பாடத்திட்டத்தை முழுதாக இறக்கிப் படியுங்கள்

இணையதளத்தின் முகப்பில் இருக்கும் நான்கு பத்தி போதாது. தாள்வாரியாக, அலகுவாரியாக, நூற்பட்டியலோடு இருக்கும் முழு ஆவணம் வேண்டும். அது வெளியே கிடைக்கவில்லை என்றால் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டும் தராத துறையைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

கையில் கிடைத்ததும் முதலில் தாள்களின் தலைப்புகளை மட்டும் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். முதல் ஆண்டில் “தொடக்கம் முதல் இன்றுவரை” வகைத் தாள்கள் இருப்பது இயல்பு, தேவையும்கூட. மூன்றாம் ஆண்டிலும் அதே நீளப் பயணம்தான் என்றால் அந்தப் பட்டம் பள்ளிப் பாடத்தின் நீட்சி. இறுதியாண்டுத் தாள் சுருங்கியிருக்க வேண்டும்: ஒரு முப்பது ஆண்டு, ஒரு நகரம், ஒரு புரட்சி, ஒரு வழக்கு. பரப்பு சுருங்கினால்தான் மூல ஆவணங்களுக்குள் இறங்க முடியும்.

அடுத்து, வரலாற்று வரைவியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரலாறு எப்படி எழுதப்படுகிறது, ஏன் ஒரே நிகழ்வை இரண்டு அறிஞர்கள் எதிரெதிராக எழுதுகிறார்கள் என்று படிக்கும் தாள் அது. 1929இல் மார்க் பிளோக்கும் லூசியன் ஃபெவ்ரும் பிரான்சில் தொடங்கிய அனால் என்ற வரலாற்று இதழுக்குப் பிறகு விலைவாசி, பயிர், தட்பவெப்பம் எல்லாம் எப்படி வரலாற்றுக்கான பொருளாயின, தெற்காசிய வரலாற்றை அடித்தட்டு மக்களின் பக்கமிருந்து எழுத முனைந்து 1982இல் முதல் தொகுதியை வெளியிட்ட விளிம்புநிலை ஆய்வுக் குழு (சபால்டர்ன் ஸ்டடீஸ்) எதை எதிர்த்துக் கிளம்பியது என்பதெல்லாம் அங்கேதான் வரும். இந்தத் தாள் கட்டாயமாக, ஆய்வேட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். சில இடங்களில் அதைக் கடைசிப் பருவத்தில் வைத்திருப்பார்கள். வீட்டைக் கட்டி முடித்த பிறகு ரசமட்டத்தைக் கையில் கொடுப்பது போன்றது அது.

மூன்றாவதாக, நூற்பட்டியல்களில் உள்ள வெளியீட்டு ஆண்டுகளைப் பாருங்கள். பழைய நூல் இருப்பது குறையில்லை, பழையது மட்டுமே இருப்பது குறை. ஒரு சோதனை சொல்கிறோம். 14ஆம் நூற்றாண்டின் பெருங்கொள்ளைநோய் உண்மையில் பிளேக்தானா என்று நெடுங்காலம் சர்ச்சை இருந்தது. லண்டனில் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டில் அந்நோயில் இறந்து புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து, பிளேக்கை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸ் கிருமியின் மரபணுத் தொகுதியை 2011இல் ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். இடைக்கால ஐரோப்பாத் தாளில் அந்தச் சர்ச்சை இன்னும் திறந்த கேள்வியாகவே கிடந்தால், அந்தத் தாளை யாரும் பல ஆண்டுகளாகத் தொடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு களத்தில் இதே போல ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்.

விருப்பப் பாடங்கள் பெரிய கண்ணி. பட்டியலில் 40 இருக்கும். ஓர் ஆண்டில் நடப்பது ஆறோ ஏழோ. ஆசிரியர் ஆய்வு விடுப்பில் போயிருப்பார், ஓய்வு பெற்றிருப்பார், குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை சேராமல் வகுப்பு ரத்தாகியிருக்கும். “என்னென்ன இருக்கிறது” என்று கேட்டால் 40ஐயும் சொல்வார்கள். “கடந்த இரண்டு ஆண்டில் எவை நடந்தன” என்று கேளுங்கள். நீங்கள் முதல் படியில் எழுதிய மூன்று வரிக்குப் பொருந்தும் பாடம் அந்த இரண்டு ஆண்டிலும் நடக்கவில்லையா? உங்களுக்கும் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கல்லூரிகளையும் ஒப்பிடுகிறவர்கள் பட்டத்தின் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறு என்பதை மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் பொதுவாக மூன்றாண்டு. முதல் நாளிலிருந்தே பெரும்பாலும் வரலாறுதான். ஸ்காட்லாந்தில் நான்காண்டு, தொடக்கத்தில் பிற பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம். அமெரிக்காவில் நான்காண்டு, வழக்கமாக 120 கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் அலகு). முதன்மைப் பாடத்துக்குப் போவது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஆண்டுக்கு 60, இளங்கலைக்கு 180 அல்லது 240. அந்த முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வரலாறுதான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவருக்குக் குறுகிய அமைப்பு பொருந்தும். இன்னும் ஊசலாடுகிறவருக்கு அகன்ற அமைப்பே பாதுகாப்பு. “வரலாறும் சுற்றுலாவும்”, “வரலாறும் அரசியலும்” போன்ற இரட்டைப் பட்டங்களில் வரலாற்றின் பங்கு எத்தனை தாள் என்று விரல்விட்டு எண்ணிவிடுங்கள். சிலவற்றில் பாதிகூட வராது.

வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம்தான் வகுப்பு என்று கண்டு முகம் சுளிக்க வேண்டாம். வரலாற்றில் மீதி நேரம் வாசிப்புக்கு. வகுப்பு நேரத்தைவிட அந்த வாசிப்பை யார் சோதிக்கிறார் என்பதுதான் முக்கியம்.

3. எழுதுவதை யார் படிக்கிறார்

உங்களுக்கு ஒரு படிக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

முந்தைய மூன்று ஆண்டு வினாத்தாள்களைத் தேடி எடுங்கள். வினாவின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். “குறிப்பு வரைக”, “பட்டியலிடுக”, “விவரிக்க” என்றே முடிந்தால் அங்கே நினைவாற்றலுக்குத்தான் மதிப்பெண். “கீழே உள்ள கடிதப் பகுதியை யார், யாருக்காக, ஏன் எழுதியிருக்கக்கூடும் என்று ஆராய்க”, “இந்தக் கருத்தை ஏற்கிறீர்களா, சான்று காட்டி வாதிடுக” போன்ற வினாக்கள் இருந்தால் அங்கே வரலாறு சொல்லித் தரப்படுகிறது. மூன்று ஆண்டிலும் அதே வினாக்கள் சொல் மாறாமல் திரும்பி வருகின்றனவா என்றும் பாருங்கள். வந்தால் மாணவர்கள் வாசிப்பது நூலை அல்ல, விடைக் குறிப்பை.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஒரு தாளில் 60 மாணவர், ஒரு பருவத்தில் ஆளுக்கு இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 2,000 சொல். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுத 20 நிமிடம் என்று வையுங்கள். 120 கட்டுரைக்கு 40 மணி நேரம். ஆசிரியர் மூன்று தாள் எடுத்தால் 120 மணி நேரம். உதவியாளர் யாரும் இல்லாமல் இது நடக்காது. கட்டுரையில் ஒரு டிக் போட்டு மதிப்பெண் மட்டும் திரும்பி வரும். அது ஆசிரியரின் சோம்பலாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு அப்படி. ஆகவே மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதோடு நிற்காமல், ஓர் ஆசிரியர் ஒரு பருவத்தில் எத்தனை கட்டுரை திருத்துகிறார் என்று கேளுங்கள்.

கலந்துரையாடல் வகுப்பின் அளவையும் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாற்றாசிரியர் லியோபோல்ட் ஃபான் ராங்கே பெர்லினில் மாணவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து மூலச் சான்றை வரிவரியாகச் சோதிக்கப் பழக்கினார். உலகெங்கும் வரலாற்றுத் துறைகளில் நடக்கும் செமினார் வகுப்பின் வேர்களில் ஒன்று அது. பன்னிரண்டு, பதினைந்து பேர் இருந்தால் எல்லோரும் வாய் திறக்க வேண்டிவரும். இருபத்தைந்தைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள்.

ஆய்வேடு கட்டாயமாக இருக்கும் பட்டத்தையே தேடுங்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. பொதுவாக 8,000 முதல் 12,000 சொல் வரை இருக்கும். ஒரு வழிகாட்டிக்கு ஐந்தாறு மாணவருக்கு மேல் போனால் கவனம் சிதறும். ஆண்டில் எத்தனை முறை வழிகாட்டியைத் தனியாகச் சந்திக்கலாம், வரைவைப் படித்துத் திருத்தித் தருவாரா, மூல ஆவணத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதா என்று கேளுங்கள். முந்தைய ஆண்டு ஆய்வேடுகள் நூலகத்தில் இருந்தால் இரண்டை எடுத்து அடிக்குறிப்புகளை மட்டும் புரட்டுங்கள். காப்பகக் கோப்பு எண்கள் கண்ணில் படுகின்றனவா, இல்லை பாடநூல்களும் இணையதள முகவரிகளும் மட்டும்தானா? கல்லூரி என்ன சொல்லிக்கொண்டாலும் அந்த அடிக்குறிப்பு பொய் சொல்லாது.

4. ஆசிரியர்கள்

துறையின் ஆசிரியர் பட்டியலை எடுத்து நிரந்தரப் பணியில் இருப்பவர், ஒப்பந்தத்தில் இருப்பவர், வருகை ஆசிரியர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தற்காலிக ஆசிரியர்கள் பலர் அருமையாகப் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் நீங்கள் இறுதியாண்டுக்கு வரும்போது அவர் அங்கே இருப்பாரா என்பது அவர் கையில் இல்லை. நிரந்தர ஆசிரியர் ஆறு பேராவது இருந்து, அவர்களுடைய களங்கள் பரவியிருந்தால் போதும். ஆறு பேரும் ஒரே நாட்டின் ஒரே நூற்றாண்டை ஆராய்கிறார்கள் என்றால் அந்தத் துறை அந்த நூற்றாண்டுக்கு மட்டும் நல்ல இடம்.

பெரிய பெயருக்காகச் சேர்ந்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பேராசிரியர் முனைவர் பட்ட மாணவர்களை மட்டும் பார்ப்பார், இளங்கலை வகுப்புப் பக்கம் வரமாட்டார். “இவர் இந்த ஆண்டு இளங்கலைக்கு எந்தத் தாள் எடுக்கிறார்” என்று பெயர் சொல்லியே கேட்டுவிடுங்கள்.

5. நூலகமும் காப்பகமும்

நூலகத்தில் எத்தனை லட்சம் நூல் என்ற எண்ணால் பயனில்லை. பாடத்திட்டத்தின் நூற்பட்டியலிலிருந்து பத்து நூலைத் தேர்ந்தெடுத்து நூலகத்தின் இணைய அட்டவணையில் தேடுங்கள். குறைந்தது ஏழு கிடைக்க வேண்டும். எத்தனை பிரதி, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, உள்ளேயே படிக்க வேண்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போனால், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் 900 என்று தொடங்கும் அடுக்குகளுக்குப் போங்கள். ஐரோப்பா 940, ஆசியா 950, ஆப்பிரிக்கா 960. தூசி படிந்திருக்கிறதா, நூல்களில் அண்மைத் தேதி முத்திரை இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆய்விதழ்களுக்கு ஜேஸ்டோர் என்ற இணையத் தொகுப்பு உண்டு என்று சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அதில் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு வெளியீடுகள் சேர்ந்திருக்காது. புதிய கட்டுரைகளுக்குத் தனிச் சந்தா வேண்டும். அது இருக்கிறதா, வளாகத்துக்கு வெளியிலிருந்தும் திறக்குமா என்று நூலகரையே கேளுங்கள். பெரும்பாலான கேள்விகளுக்குச் சேர்க்கை அலுவலகத்தைவிட நூலகர் நேரான பதில் தருவார்.

காப்பகம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தால் அடிக்கடி போவீர்கள். ஐந்து மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை. இணையத்தில்தான் எல்லாம் வந்துவிட்டதே என்று சொல்வோர் உண்டு. ஸ்கேன் ஆகியிருப்பது பெரும்பாலான காப்பகங்களில் சிறு பகுதிதான். பல காப்பகங்கள் வாசகர் அட்டைக்குக் கல்லூரியின் கடிதம் கேட்கும். துறை அதைத் தாமதமில்லாமல் தருகிறதா, முதலாண்டு மாணவர்களை ஒருமுறையாவது அங்கே கூட்டிப் போகிறதா என்று விசாரியுங்கள். பென்சில் மட்டும் கொண்டு போவது, கட்டை அவிழ்த்த வரிசையிலேயே திரும்பக் கட்டுவது, கோப்பு எண்ணைத் தாளின் மேலேயே முதலில் எழுதுவது போன்ற பழக்கங்கள் அங்கே உட்கார்ந்தால்தான் வரும்.

களப்பயணங்களுக்கும் இதே அளவுகோல். போய்வந்து அறிக்கை எழுதி மதிப்பெண் பெறுவதாக இருந்தால் அது பாடம். குழுப்படம் மட்டும் எடுத்துத் திரும்பினால் சுற்றுலா.

6. கடிதம் எழுதுங்கள், பிறகு நேரில் போங்கள்

இதற்குள் பட்டியல் மூன்று நான்கு கல்லூரியாகச் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு துறைத்தலைவருக்கும் ஒரு சிறு மின்னஞ்சல் போதும்:

“வணக்கம். வரும் கல்வியாண்டில் இளங்கலை வரலாற்றுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். மூன்று விவரங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். கடந்த இரண்டு ஆண்டுகளில் இறுதியாண்டில் நடந்த விருப்பப் பாடங்கள் எவை? ஒரு பருவத்தில் ஒரு மாணவர் எத்தனை கட்டுரை எழுதுகிறார், அவை குறிப்புகளோடு எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கின்றன? ஆய்வேட்டுக்கு ஒரு வழிகாட்டியிடம் எத்தனை மாணவர்கள்? ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைக்குமா? நன்றி.”

பதில் வரும் வேகத்தைவிட அதில் எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். “எங்கள் மாணவர்களுக்குச் சிறந்த வழிகாட்டுதல் கிடைக்கிறது” என்பது பதில் ஆகாது.

நேரில் போவதற்கு, சேர வருவோருக்காகக் கல்லூரியைத் திறந்து காட்டும் நாள், விழா நாள் வேண்டாம். சாதாரணமாக வகுப்பு நடக்கும் ஒரு நாளில் போங்கள். இறுதியாண்டு மாணவர் இருவரைப் பிடித்து, “கடைசியாக எழுதிய கட்டுரையில் ஆசிரியர் என்ன திருத்தம் சொன்னார்” என்று கேளுங்கள். கையை ஆட்டி ஆட்டி விவரிக்கத் தொடங்கினால் அந்தத் துறை உயிரோடு இருக்கிறது. திருத்தமா என்று முழித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்னொரு கேள்வி: “மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எந்தத் தாளை விட்டுவிடுவீர்கள்?” இருவரும் ஒரே தாளின் பெயரைச் சொன்னால் அது கட்டாயத் தாளா என்று பாருங்கள்.

7. பணம், அங்கீகாரம், தரவரிசை

ஓராண்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். கட்டணம், தங்குமிடம், பயணம், களப்பயணம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, படிப்புக் காலத்தால் பெருக்குங்கள். உதவித்தொகை முதலாண்டுக்கு மட்டுமா, எத்தனை மதிப்பெண் எடுத்தால் தொடரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பட்டம் உங்கள் நாட்டின் உயர்கல்வி அமைப்பால் ஏற்கப்பட்டதா, ஆசிரியர் பயிற்சிக்கும் முதுகலைக்கும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் செல்லுமா என்று அந்தந்த அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள். கல்லூரியின் வாய்மொழி உறுதி போதாது. இரட்டைப் பட்டங்களிலும் தொலைநிலைப் பட்டங்களிலும் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

பல்கலைக்கழகத் தரவரிசைகளில் பல, ஆய்விதழ் மேற்கோள் எண்ணிக்கைக்குப் பெரிய இடம் தருபவை. வரலாற்றாசிரியர்கள் தங்கள் முக்கிய உழைப்பைப் பெரும்பாலும் நூலாகத் தருகிறார்கள். மேற்கோள் கணக்கில் நூல்கள் சரியாக விழுவதில்லை. மருத்துவத்தாலும் பொறியியலாலும் மேலே போன பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை இரண்டு அறையில் முடங்கியிருக்கலாம்.

படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கும்போதும் எண்ணாகக் கேளுங்கள்: கடந்த ஆண்டு முடித்த 40 பேரில் முதுகலைக்கு எத்தனை, சட்டத்துக்கு எத்தனை, ஆசிரியர் பணி, அருங்காட்சியகம், ஊடகம், அரசுப் பணிக்கு எத்தனை. பெருமைக்குரிய ஒரு முன்னாள் மாணவரின் பெயரை மட்டும் சொன்னால் மற்ற 39 பேரைக் கேளுங்கள்.

8. முடிவெடுக்கும் நாள்

மொழி, பாடத்திட்டம், எழுத்துத் திருத்தம், ஆசிரியர், நூலகம், செலவு: ஆறுக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போடுங்கள். எழுத்துத் திருத்தத்துக்கு மட்டும் இரண்டால் பெருக்குங்கள். மொழியிலோ எழுத்துத் திருத்தத்திலோ பூஜ்யம் வாங்கிய கல்லூரி மொத்தத்தில் முந்தினாலும் அதை நீக்கிவிடுங்கள். அந்த இரண்டு குறையையும் தனியாக ஈடுகட்டுவது மிகக் கடினம். நூலகக் குறையை நூலகங்களுக்கிடையேயான இரவல் வசதியாலும் பொது நூலகத்தாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

பணம் கட்டுமுன் மூன்று வேலை. நீங்கள் சேரும் ஆண்டுக்கான பாடத்திட்டத்தையும் தேர்வு விதிகளையும் இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விதி மாறினால் சேர்ந்த ஆண்டின் விதியைக் காட்டி வாதாட அது உதவும். விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியையும், தாள் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கடைசித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தேதி பெரும்பாலும் வகுப்பு தொடங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். மொழி வகுப்புக்குத் தனிப் பதிவு இருந்தால், சேர்க்கை உறுதியான அன்றே அதில் பெயர் கொடுத்துவிடுங்கள். அங்கேதான் இடம் முதலில் நிரம்பும்.